தருமபுரித் தண்ணீரும் சில ஆங்கில நோய்ச்சொற்களும்

அளவு மீறினால் பல்லையும் எலும்பையும் கெடுக்கும் ஃப்ளோரைடு ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் மிகுந்திருக்கிறது என்று ஓர் ஊருக்கு ஆய்வறிக்கை வந்தால், ஒருவர் அந்தத் தண்ணீரை ‘டாக்ஸிக்’ என்பார். அடுத்தவர் ‘இன்ஃபெக்‌ஷன்’ பரவுகிறது என்பார். மூன்றாமவர் ஊரில் ‘எபிடெமிக்’ வந்துவிட்டதாகவே கைப்பேசியில் எழுதி அனுப்பிவிடுவார். முதல் சொல் அளவைச் சொல்லாமல் விடுகிறது. மற்ற இரண்டும் அந்த இடத்துக்குப் பொருந்தவே பொருந்தா. கேட்பவருக்கோ ஏதோ பெரிய ஆபத்து என்ற எண்ணம் மட்டும்தான் மிஞ்சும்; என்ன ஆபத்து, யாருக்கு, எவ்வளவு, எதைச் செய்தால் குறையும் என்பதெல்லாம் அந்தச் சொற்களின் இரைச்சலில் காணாமல் போய்விடும்.

செவிலியர் படிப்புக்கும் அரசுத் தேர்வுகளுக்கும் ஆங்கிலம் படிக்க வரும் மாணவர்களுக்குத் தருமபுரியில் சில ஆண்டுகளாகப் பாடம் சொல்லித் தருகிறேன். அவர்களுடைய குறிப்பேடுகளில் ஹசார்ட் என்றால் ஆபத்து, ரிஸ்க் என்றால் ஆபத்து, டேஞ்சர் என்றால் ஆபத்து, த்ரெட் என்றாலும் ஆபத்து என்று எழுதியிருக்கும். நான்கு சொல்லுக்கு ஒரே பொருளை எழுதி மனப்பாடம் செய்தவர், அவற்றை இடம் மாற்றிப் போடுவதில் வியப்பில்லை. உண்மையில் இந்தச் சொற்கள் ஒரு வழித்தடத்தில் அடுத்தடுத்து வரும் ஊர்களைப் போன்றவை. பாறையில் இருக்கும் ஒரு பொருள் தண்ணீருக்கு வந்து, தண்ணீரிலிருந்து உடலுக்கு வந்து, ஓர் உடலின் கதை ஊரின் கணக்காக மாறும் வரை அந்தத் தடம் நீள்கிறது. நம் ஊர்த் தண்ணீரையே பின்தொடர்ந்து போனால், எந்தச் சொல் எந்த இடத்தில் நிற்கிறது என்பது தானாகவே தெரிந்துவிடும்.

எருதும் தெருவும்: ஹசார்ட், எக்ஸ்போஷர், ரிஸ்க்

கிருஷ்ணகிரி மாவட்டத்து ஊர்களில் நடக்கும் எருது விடும் விழாவை நினைத்துக்கொள்ளுங்கள். தெருவின் இருபுறமும் தடுப்புக் கட்டியிருக்கிறார்கள். நடுவே எருது ஓடிவருகிறது. அதன் கொம்புக்கும் வேகத்துக்கும் ஆளைச் சாய்க்கும் ஆற்றல் உண்டு. கொட்டிலில் கட்டிக் கிடக்கும்போதும் அந்த ஆற்றல் அதனிடம் இருக்கத்தான் செய்கிறது. இப்படித் தீங்கு செய்யக்கூடிய இயல்பை உடைய பொருளை அல்லது நிலையை ஆங்கிலம் ‘ஹசார்ட்’ என்கிறது.

மாடிமீது நின்று பார்ப்பவர், தடுப்புக்கு வெளியே நிற்பவர், தடுப்பைத் தாண்டித் தெருவில் இறங்கி நிற்பவர் என்ற மூவருக்கும் எருது ஒன்றுதான். அடிபடும் வாய்ப்பு மட்டும் மூவருக்கும் வேறு. தீங்கு நேர்வதற்கான வாய்ப்பும், நேர்ந்தால் அது எவ்வளவு கடுமையாக இருக்கும் என்பதும் சேர்ந்த கணக்குக்கு ‘ரிஸ்க்’ என்று பெயர். ஹசார்டையும் ரிஸ்க்கையும் இணைப்பது தெருவில் இறங்கும் செயல். தீங்கு செய்யும் பொருளின் எல்லைக்குள் ஒருவர் வந்து, அது அவரைத் தொடும்படி ஆவதை ‘எக்ஸ்போஷர்’ என்பார்கள். தமிழில் ஆட்படுதல் என்று சொல்லலாம்.

இப்போது எருதை விட்டுவிட்டுத் தண்ணீருக்கு வருவோம். பென்னாகரம் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் ஆழ்துளைக் கிணற்று நீரில் ஃப்ளோரைடு மிகுந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நீர் ஹசார்ட்தான். அதை மாட்டுக்கொட்டிலைக் கழுவ மட்டும் பயன்படுத்தி, குடிக்கவும் சமைக்கவும் குழாயில் வரும் ஒகேனக்கல் காவிரித் தண்ணீரைப் பிடித்துவைக்கும் வீட்டில் எக்ஸ்போஷர் மிகக் குறைவு, ஆகவே ரிஸ்க்கும் குறைவு. அடுத்த வீட்டில் அதே நீரைத்தான் குடத்தில் நிறைத்துக் குடிக்கிறார்கள் என்றால், ஹசார்ட் துளிகூட மாறாமலே ரிஸ்க் பல மடங்காகிவிடுகிறது.

இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் செய்தித்தாளில் வரும் பாதிப் பயமுறுத்தல்கள் தாமாகவே அடங்கிவிடும். ‘இந்தப் பொருளில் நச்சு இருப்பது கண்டுபிடிப்பு’ என்ற தலைப்பு ஹசார்டைப் பற்றி மட்டுமே பேசுகிறது. யார், எவ்வளவு, எத்தனை நாள் அதற்கு ஆட்படுகிறார்கள் என்று உள்ளே எழுதியிருந்தால்தான் அந்தச் செய்தி ரிஸ்க்கைப் பற்றியது ஆகும்.

அமிர்தமும் நஞ்சும்: டோஸ் என்னும் அளவு

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று நம்மவர்கள் சொல்லி வைத்ததையே, 16ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய மருத்துவர் பாராசெல்சஸ் தம் துறையின் அடிப்படை விதியாக எழுதினார். எல்லாப் பொருளிலும் நஞ்சு உண்டு, ஒரு பொருள் நஞ்சாவதும் ஆகாததும் அளவைப் பொறுத்தது என்பது அவர் கருத்தின் சாரம். உடலுக்குள் சென்று சேரும் அந்த அளவுக்கு ‘டோஸ்’ என்று பெயர். மருந்துக்கடையில் மட்டும் புழங்கும் சொல் என்று நாம் நினைக்கும் அதே டோஸ்தான் தண்ணீருக்கும் தூசிக்கும் புகைக்கும் பொருந்துகிறது.

இங்கே பலரும் தடுக்கி விழும் ஓர் இடம் இருக்கிறது. தண்ணீரில் ஒரு பொருள் எவ்வளவு அடர்த்தியாக இருக்கிறது என்பது ‘கான்சென்ட்ரேஷன்’, அதாவது செறிவு. லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று அதைச் சொல்வார்கள். அறிக்கைகளில் பி.பி.எம்., அதாவது பத்து லட்சத்தில் இத்தனை பங்கு, என்று வருவதும் தண்ணீரைப் பொறுத்தவரை ஏறத்தாழ அதே எண்தான். டோஸோ ஒருவர் எவ்வளவு குடித்தார், அவருடைய உடல் எடை என்ன என்பவற்றையும் சேர்த்துக்கொண்டு கணக்கிடப்படுவது. லிட்டருக்கு 3 மில்லிகிராம் ஃப்ளோரைடு உள்ள ஒரே குடத்து நீரை 60 கிலோ எடையுள்ள பெரியவர் ஒரு நாளில் 3 லிட்டர் குடித்தால், உள்ளே போவது 9 மில்லிகிராம். கிலோ எடைக்கு 0.15 மில்லிகிராம். அதே நீரை 12 கிலோ எடையுள்ள குழந்தை 1 லிட்டர் குடித்தால், உள்ளே போவது 3 மில்லிகிராம்தான். ஆனால் கிலோ எடைக்கு 0.25 மில்லிகிராம் ஆகிறது. செறிவு ஒன்று, குடித்த அளவு குழந்தைக்குக் குறைவு, இருந்தும் டோஸ் குழந்தைக்குத்தான் அதிகம். கோடையில் கல் உடைக்கவோ களை எடுக்கவோ போகிறவர் நிழலில் அமர்ந்து வேலை பார்ப்பவரைவிட இரண்டு மடங்கு தண்ணீர் குடிப்பார் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், ஒரே ஊர்க் குழாய் எல்லாருக்கும் ஒரே ரிஸ்க்கைத் தருவதில்லை என்பது விளங்கும். கேழ்வரகுக் களி கிண்டும்போது மாவு உறிஞ்சிக்கொள்ளும் நீரில் உள்ள ஃப்ளோரைடும் களியோடு சேர்ந்தே வயிற்றுக்குள் போகிறது. குடித்த தண்ணீரை மட்டும் எண்ணிக் கணக்கு முடிப்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

டோஸ் என்ற சொல் பிடிபடாததால் நேரும் குழப்பத்துக்கு ஒரு நல்ல எடுத்துக்காட்டு ‘ஃப்ளோரிடேஷன்’. அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தின் கிராண்ட் ராபிட்ஸ் நகரம் 1945இல் குடிநீரில் வேண்டுமென்றே ஃப்ளோரைடைக் கலக்கத் தொடங்கியது. பற்சொத்தையைக் குறைப்பது நோக்கம். அங்கே இப்போது பரிந்துரைக்கப்படும் அளவு லிட்டருக்கு 0.7 மில்லிகிராம். இதை இணையத்தில் படித்த மாணவர் ஒருவர், ‘சார், அவர்கள் காசு கொடுத்துக் கலக்குகிறார்கள், நமக்கு இலவசமாகக் கிடைப்பதை ஏன் எடுக்கச் சொல்கிறார்கள்?’ என்று கேட்டார். நியாயமான கேள்வி. விடை அளவில் இருக்கிறது: அங்கே கலப்பது குறைவாக உள்ள நீரில் சிறிதளவு, இங்கே எடுப்பது அளவு மீறி இருப்பதை. இயல்பாகவே மிகுதியாக இருக்கும் இடத்தில் அதை நீக்கும் வேலைக்கு ‘டீஃப்ளோரிடேஷன்’ என்று பெயர். ‘டீ’ என்ற ஒரே ஒரு முன்னொட்டில் பொருள் தலைகீழாகிவிடுகிறது. ‘ஃப்ளோரின்’ என்பது தனிமம், ‘ஃப்ளோரைடு’ தண்ணீரில் கரைந்திருக்கும் அதன் வடிவம், ‘ஃப்ளோரோசிஸ்’ அது மிகுதியால் வரும் நோய். இந்த மூன்றையும் மாற்றிப் போட்டு எழுதிய விடைத்தாள்களை நான் நிறையவே பார்த்திருக்கிறேன்.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால்: தீங்கு செய்யக்கூடிய பொருள் ஹசார்ட், அதற்கு ஆட்படுவது எக்ஸ்போஷர், உள்ளே போகும் அளவு டோஸ், இவற்றின் விளைவாகத் தீங்கு நேரும் வாய்ப்பு ரிஸ்க்.

பாறை தந்ததும் மனிதர் கலந்ததும்: கன்டாமினன்ட், பொல்யூட்டன்ட்

தமிழில் மாசு என்ற ஒரே சொல்லால் இரண்டையும் சொல்லிவிடுகிறோம். ஒரு நீரில் இருக்க வேண்டாதது, அல்லது இருக்க வேண்டிய அளவைவிட மிகுந்திருப்பது எதுவானாலும் அது ‘கன்டாமினன்ட்’. மனிதச் செயலால் சேர்ந்து, உயிர்களுக்கோ சூழலுக்கோ கேடு செய்யும் கன்டாமினன்டுக்கு மட்டும் ‘பொல்யூட்டன்ட்’ என்ற பெயரை வைத்துக்கொள்வது துறையில் உள்ளவர்களின் வழக்கம். இரண்டுக்கும் நம் பக்கத்திலேயே எடுத்துக்காட்டுகள் இருக்கின்றன.

தருமபுரி, கிருஷ்ணகிரி ஆகிய நம் மாவட்டங்கள் கருங்கல் பாறையின்மீது அமர்ந்திருப்பவை. அந்தப் பாறையில் உள்ள சில கனிமங்களில் ஃப்ளோரைடு இருக்கிறது. நிலத்தடி நீர் பாறை வெடிப்புகளில் நெடுங்காலம் தங்கும்போது அது கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து நீரில் சேர்கிறது. மழை குறைந்து, நீர் ஆழத்துக்குப் போய், பாறையோடு நீண்ட நாள் தொடர்பில் இருக்கும் தண்ணீரை ஆழ்துளைக் கிணறு வழியாக மேலே இழுக்கும்போது ஃப்ளோரைடும் சேர்ந்து வருகிறது. யாரும் கொட்டியதில்லை, யார்மீதும் வழக்குப் போட முடியாது. இது கன்டாமினன்ட். ஓசூருக்கு அருகே கெலவரப்பள்ளி அணையிலிருந்து திறந்துவிடப்படும் தென்பெண்ணை நீரில் பொங்கும் நுரை வேறு வகை. பெங்களூரு நகரப் பகுதிகளிலிருந்து ஆற்றில் கலக்கும் கழிவுநீரோடு வரும் சோப்புத்தூள் வகைப் பொருள்களுக்கு அந்த நுரையில் பெரும்பங்கு உண்டு. அது பொல்யூட்டன்ட். வீடுகளிலிருந்து வரும் கழிவுநீரைச் ‘சூவேஜ்’ என்றும், தொழிற்சாலை முதலியவற்றின் குழாய் வழியாக வெளியேறும் கழிவுநீரை ‘எஃப்ளுவென்ட்’ என்றும் சொல்வார்கள்.

இந்த வேறுபாடு சொல்லளவில் நின்றுவிடுவதில்லை. பொல்யூட்டன்டுக்கு அதைக் கலப்பவரைத் தடுப்பது வழி. பாறை தரும் ஃப்ளோரைடுக்கு அந்த வழி கிடையாது. நீரைச் சுத்திகரிக்க வேண்டும், இல்லையென்றால் வேறு நீரைக் கொண்டுவர வேண்டும். ஜப்பானிய அரசு நிறுவனத்தின் கடனுதவியோடு 2008இல் அடிக்கல் நாட்டப்பட்டு 2013இல் தொடங்கிவைக்கப்பட்ட ஒகேனக்கல் திட்டம் இரண்டாம் வழியைச் சேர்ந்தது. காவிரி நீரை இரு மாவட்டங்களுக்கும் கொண்டுவரும் அந்தத் திட்டத்தின் பெயரிலேயே ‘ஃப்ளோரோசிஸ் மிட்டிகேஷன்’ என்ற சொற்கள் இருக்கின்றன. ‘மிட்டிகேஷன்’ என்றால் கடுமையைத் தணித்தல். முற்றாக ஒழித்தல் என்று அதற்குப் பொருள் கொள்ளக்கூடாது.

கொதிக்கவைத்தால் போய்விடாதா என்ற கேள்வி எப்போதும் வரும். கொதிக்கவைப்பது கிருமியைக் கொல்லும். ஃப்ளோரைடு கிருமி இல்லை என்பதால் அது எங்கும் போகாது. நீர் ஆவியாகக் குறையக் குறைய மிஞ்சிய நீரில் அதன் செறிவு கூடவே செய்யும். லிட்டருக்கு 3 மில்லிகிராம் உள்ள 10 லிட்டர் நீர் சுண்டி 9 லிட்டர் ஆனால், செறிவு 3.3 ஆகிவிடும். சுவையை நம்புவதும் வீண். நம் கிணறுகளில் காணப்படும் அளவுகளில் ஃப்ளோரைடுக்கு நிறமோ மணமோ சுவையோ கிடையாது. உப்புக் கரிக்கும் நீரில் அது குறைவாகவும், இனிக்கும் நீரில் மிகுதியாகவும் இருக்கக்கூடும்.

‘பெர்மிஸிபிள்’ என்பதைப் படிக்கும் முறை

குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயத்தில் ஃப்ளோரைடுக்கு எதிரே இரண்டு எண்கள் இருக்கும். ‘அக்செப்டபிள் லிமிட்’ லிட்டருக்கு 1 மில்லிகிராம். ‘பெர்மிஸிபிள் லிமிட்’ 1.5 மில்லிகிராம். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவும் 1.5தான். பெர்மிஸிபிள் என்றால் அனுமதிக்கப்பட்டது என்று அகராதி சொல்வதைப் பார்த்துவிட்டு, 1.5 வரை கவலையே இல்லை என்று பலர் படிக்கிறார்கள். அந்தப் பட்டியலின் தலைப்பை முழுதாகப் படித்தால், வேறு நீராதாரம் இல்லாத நிலையில் பொறுத்துக்கொள்ளத்தக்க எல்லை என்று அதற்குப் பொருள் வருகிறது. உறவினர் வீட்டில் கட்டில் இல்லாதபோது பாயில் படுப்பது போன்றது அது. பாய் போதும் என்று யாரும் வீடு கட்டும்போதே தீர்மானிப்பதில்லை.

கூர்மையும் நீளமும்: அக்யூட், க்ரானிக்

‘அக்யூட்’ என்பது கூர்மை என்னும் பொருளுடைய லத்தீன் சொல்லிலிருந்தும், ‘க்ரானிக்’ என்பது காலம் என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்தும் வந்தவை. சட்டென்று தொடங்கிக் குறுகிய காலத்தில் முடிவது அக்யூட். மெல்லத் தொடங்கி நெடுங்காலம் நீடிப்பது க்ரானிக். இரண்டில் எது கடுமையானது என்பதை இந்தச் சொற்கள் சொல்வதில்லை. ‘க்ரானிக்’ என்றால் மோசமான நோய் என்று எழுதுவது நம்மிடையே பரவலாக இருக்கும் பிழை. சாதாரண சளிகூட அக்யூட் நோய்தான், ஆண்டுக்கணக்கில் இருக்கும் சிறு தோல் அரிப்பும் க்ரானிக்தான்.

ஆட்படுதலுக்கும் இதே இரு சொற்கள் பொருந்தும். மருந்தடிக்கும்போது பூச்சிக்கொல்லியை ஒரேயடியாக மூச்சில் இழுத்து மயங்கி விழுவது அக்யூட் எக்ஸ்போஷர். தினமும் குடத்து நீரோடு சிறிது சிறிதாக ஃப்ளோரைடு உள்ளே போய், பல ஆண்டுகளுக்குப் பிறகு கழுத்தும் முதுகும் மூட்டுகளும் இறுகிப்போவது க்ரானிக் எக்ஸ்போஷரின் விளைவு. இந்த எலும்புப் பாதிப்பை ‘ஸ்கெலிட்டல் ஃப்ளோரோசிஸ்’ என்பார்கள். பற்களில் சுண்ணாம்பு வெள்ளைத் திட்டுகளாகவோ பழுப்புக் கறையாகவோ தெரிவது ‘டென்டல் ஃப்ளோரோசிஸ்’. ஆட்படுதல் தொடங்கிய நாளுக்கும் நோய் வெளியே தெரியும் நாளுக்கும் இடையே உள்ள மறைகாலத்துக்கு ‘லேட்டன்சி’ என்று பெயர். இந்தக் காலம் நீளமாக இருப்பதால்தான், ‘நேற்றுவரை இதே தண்ணீரைத்தானே குடித்தோம், ஒன்றும் ஆகவில்லையே’ என்ற பேச்சு எழுகிறது.

தொற்றுவதும் தொற்றாததும்

இன்ஃபெக்‌ஷன் என்ற சொல்லை எந்த நோய்க்கும் போட்டுவிடும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. கிருமி ஒன்று உடலுக்குள் புகுந்து பெருகினால் மட்டுமே அது இன்ஃபெக்‌ஷன். அதனால் வரும் நோய் ‘இன்ஃபெக்‌ஷியஸ்’. அந்த நோய் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொடுதலாலோ அருகிருத்தலாலோ நேரே பரவினால் அது ‘கன்டேஜியஸ்’. தொடுதலைக் குறிக்கும் லத்தீன் வேர் அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது. அன்றாட ஆங்கிலத்தில் இவ்விரண்டையும் கலந்து பேசுகிறவர்கள் உண்டு. தேர்வுத் தாளிலும் மருத்துவக் குறிப்பிலும் கலக்கக்கூடாது.

டெங்குவை எடுத்துக்கொள்வோம். வைரஸால் வருவதால் அது இன்ஃபெக்‌ஷியஸ். காய்ச்சலில் படுத்திருப்பவருக்குக் கஞ்சி ஊட்டுவதால் ஊட்டுபவருக்கு அது வராது என்பதால் கன்டேஜியஸ் வகையில் அது சேராது. நடுவே ஏடிஸ் கொசு வேண்டும். இப்படிக் கிருமியைச் சுமந்துகொண்டு போய்ச் சேர்க்கும் உயிரி ‘வெக்டர்’. சுமப்பது என்னும் பொருளுடைய வேரிலிருந்து வந்த சொல் அது. குழாயில் சில நாளுக்கு ஒருமுறைதான் தண்ணீர் வரும் தெருக்களில் டிரம்மிலும் தொட்டியிலும் நீரைச் சேர்த்து, மூடாமல் வைக்கும்போது ஏடிஸ் கொசுவுக்கு அதுவே பிறப்பிடமாகிறது. ஃப்ளோரைடுக்குப் பயந்து பிடித்துவைத்த நல்ல தண்ணீர் கொசுவுக்கு வசதியாகிவிடும் இந்த விந்தை நம் ஊர்களில் எப்போதும் காணக்கூடியது.

பழைய நோய்ப்பெயர்களை நம்பிக் காரணத்தைத் தேடக்கூடாது என்பதற்கு மலேரியா சான்று. இத்தாலிய மொழியில் அதன் பொருள் கெட்ட காற்று. சதுப்பு நிலத்து நாற்றமே காய்ச்சலைத் தருகிறது என்று மக்கள் நம்பிய காலத்துப் பெயர் அது. 1897இல் செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ் கொசுவின் உடலுக்குள் மலேரியா ஒட்டுண்ணியைக் கண்டபின் நம்பிக்கை மாறிவிட்டது, பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

ஃப்ளோரோசிஸ் இன்ஃபெக்‌ஷியஸும் இல்லை, கன்டேஜியஸும் இல்லை. பல்லில் கறை உள்ள பிள்ளையின் தட்டில் சாப்பிட்டால் கறை வராது. இதைச் சொல்ல வேண்டியிருப்பதே வருத்தந்தான். ஆனால் பெண் பார்க்கப் போன இடத்தில் பல்லைப் பார்த்துத் தயங்குகிறவர்கள், அது பரம்பரை நோய் என்றோ ஒட்டுவது என்றோ நினைத்துக்கொண்டுதான் தயங்குகிறார்கள். பர்கூர் பக்கத்தில் கிரானைட் அறுக்கும் இடங்களில் வேலை செய்கிறவர்களுக்கு வரக்கூடிய ‘சிலிக்கோசிஸ்’ என்ற நுரையீரல் நோயும் இப்படித்தான். கல்லில் உள்ள சிலிக்காவின் மிக நுண்ணிய தூசி ஆண்டுக்கணக்கில் நுரையீரலில் படிந்து தழும்பை உண்டாக்குவதால் அது வருகிறது, தொற்றுவதில்லை. இருமலைப் பார்த்துக் காசநோய் என்று நினைத்துவிடுகிறார்கள். காசநோயோ காற்றின் வழியே பரவும் தொற்று. சிலிக்கோசிஸ் உள்ளவருக்குக் காசநோய் பிடிக்கும் ரிஸ்க் அதிகம் என்பதால் ஒரே ஆளிடம் இரண்டும் சேர்ந்திருக்கவும் கூடும்.

‘ஓசிஸ்’ என்று முடிந்தால் ஒரு நிலையையும், ‘ஐட்டிஸ்’ என்று முடிந்தால் அழற்சியையும் குறிக்கும் என்று ஒரு குறுக்குவழி சொல்லித் தருவார்கள். பெரும்பாலும் உதவும். ஆனால் காசநோயின் ஆங்கிலப் பெயரான ட்யூபர்குலோசிஸும் ஓசிஸில்தான் முடிகிறது. எனவே ஈற்றைப் பார்த்து நோய் தொற்றுமா தொற்றாதா என்று முடிவு கட்டக்கூடாது.

சுருக்கமாக: கிருமியால் வந்தால் இன்ஃபெக்‌ஷியஸ், அதுவும் ஆளிடமிருந்து ஆளுக்கு நேரே பரவினால் கன்டேஜியஸ், நடுவில் கொசு போன்ற சுமப்பான் இருந்தால் அது வெக்டர் வழியாக வரும் நோய்.

‘ஆல்’ உருபு செய்யும் குறும்பு

சொல்லை அறிந்தபின்னும் வாக்கியத்தில் சறுக்குவதற்குக் காரணம் நம் வேற்றுமை உருபுகள். காய்ச்சலால் அவதிப்படுகிறார் என்பதில் உள்ள ‘ஆல்’ நேராக ஆங்கிலத்துக்குப் போய் ‘சஃபரிங் பை ஃபீவர்’ ஆகிவிடுகிறது. அங்கே வர வேண்டியது ‘ஃப்ரம்’. ‘எக்ஸ்போஸ்ட்’ என்ற சொல்லுக்குப் பின் ‘டு’ வரும், ஏனென்றால் நாமும் தூசிக்கு ஆட்பட்டார் என்று நான்காம் வேற்றுமையில்தான் சொல்கிறோம். ‘அட் ரிஸ்க்’ என்ற தொடருக்குப் பின் ‘ஆஃப்’ போட்டு நோயின் பெயரை எழுத வேண்டும். மருத்துவர் ஒருவருக்கு இன்ன நோய் என்று கண்டறிந்ததைச் சொல்ல ‘டயக்னோஸ்ட்’ என்பதோடு ‘வித்’ சேர்க்க வேண்டும். தனிச்சொல்லாக எழுதிவைப்பதைவிட, ஒட்டிவரும் சிறு சொல்லோடு சேர்த்துக் குறிப்பேட்டில் எழுதுவது நல்லது.

ஊருக்குள் இருப்பதும் ஊர்மேல் வருவதும்: எண்டெமிக், எபிடெமிக்

மக்கள் என்னும் பொருளுடைய ‘டெமோஸ்’ என்ற கிரேக்கச் சொல்லின்முன் மூன்று முன்னொட்டுகள் மாறி மாறி வருகின்றன. ‘என்’ சேர்ந்தால் உள்ளே, ‘எபி’ சேர்ந்தால் மேலே, ‘பேன்’ சேர்ந்தால் எல்லாம். ஒரு வட்டாரத்தில் எப்போதும் ஓரளவு நிலையாக இருந்துவரும் நோய் ‘எண்டெமிக்’. வழக்கமாக எதிர்பார்க்கும் எண்ணிக்கையைத் தாண்டித் திடீரென்று ஏறினால் ‘எபிடெமிக்’. நாடுகளையும் கண்டங்களையும் கடந்து பரவினால் ‘பேண்டெமிக்’. கொரோனாவை உலக சுகாதார நிறுவனம் இந்தக் கடைசிச் சொல்லால் குறித்தது 2020 மார்ச் 11 அன்று. ஓர் ஊரிலோ ஒரு விடுதியிலோ சிறு வட்டத்துக்குள் நோய் கிளம்புவதை ‘அவுட்பிரேக்’ என்பார்கள்.

நம் பக்கத்து ஃப்ளோரோசிஸ் எண்டெமிக் வகையைச் சேர்ந்தது. தொற்றாத நோய்க்கு இந்தச் சொல் பொருந்துமா என்று ஐயம் வரலாம், பொருந்தும். 1937இல் அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர்ப் பகுதியில் இந்த நோயைக் கண்டு மருத்துவ இதழில் எழுதியவர்களே எண்டெமிக் என்ற சொல்லைத்தான் பயன்படுத்தினார்கள். நேற்று வந்து நாளை போவதன்று, இந்த மண்ணோடும் நீரோடும் இருப்பது என்பதை அந்தச் சொல் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறது. இதைப் பற்றிய பழைய ஆங்கிலக் கட்டுரைகளைத் தேடுகிறவர்களுக்கு இடையில் ஒரு சொல்: கிருஷ்ணகிரி 2004இல்தான் தனி மாவட்டமானது, அதற்கு முந்தைய எழுத்துகளில் தருமபுரி மாவட்டம் என்று வந்தால் அது இரண்டையும் சேர்த்துச் சொன்னது.

ஏரிக்கு வரும் நீரும் ஏரியில் நிற்கும் நீரும்: இன்சிடென்ஸ், பிரிவலன்ஸ்

கடைசியாக இரண்டு சொற்கள். எல்லாவற்றிலும் அதிகமாகக் குழப்புகிறவை இவைதாம். ஓர் ஏரிக்கு இந்த மழையில் எவ்வளவு நீர் வந்தது என்பது ஒரு கேள்வி. இன்று ஏரியில் எவ்வளவு நீர் நிற்கிறது என்பது இன்னொரு கேள்வி. வரத்துக் கால்வாய் வறண்டபின்னும் ஏரியில் நீர் நிற்கலாம். மதகு திறந்திருந்தால் வரத்து மிகுந்தும் நீர்மட்டம் ஏறாமல் இருக்கலாம். குறித்த காலத்துக்குள் புதிதாக நோய் கண்டவர்களின் கணக்கு ‘இன்சிடென்ஸ்’, அதுவே வரத்து. குறித்த நாளில் நோயோடு இருப்பவர்கள் எல்லாரையும் சேர்த்த கணக்கு ‘பிரிவலன்ஸ்’, அதுவே நிற்கும் நீர். சளி போன்ற நோயில் வந்தவர் விரைவில் குணமாகிவிடுவதால் வரத்து பெரிதாக இருந்தாலும் நிற்கும் நீர் குறைவு. சர்க்கரை நோய் போல வந்தால் வாழ்நாள் முழுதும் இருப்பதில் வரத்து சிறிதாக இருந்தாலும் ஏரி நிறைந்துகொண்டே போகும்.

டென்டல் ஃப்ளோரோசிஸ் இதற்கு இன்னும் தெளிவான சான்று. நிலைப்பற்கள் ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருக்கும் பருவத்தில், ஏறத்தாழ எட்டு வயதுக்குள், மிகுதியான ஃப்ளோரைடு உள்ளே போனால் மட்டுமே பல்லில் அந்தக் குறை பதியும். பதிந்தது பதிந்ததுதான், பிறகு நல்ல தண்ணீர் குடித்தாலும் அது மறையாது. வேலைக்காக முப்பது வயதில் இந்த ஊருக்குக் குடிவந்தவருக்கு எத்தனை ஆண்டு ஆழ்துளைக் கிணற்று நீரைக் குடித்தாலும் டென்டல் ஃப்ளோரோசிஸ் வராது. எலும்புக்கான ரிஸ்க் அவருக்கும் உண்டு.

இனி ஒரு கணக்கு. ஒரு பள்ளியில் 100 பிள்ளைகள். 40 பேருக்குப் பல்லில் கறை. அந்த ஊருக்கு இந்த ஆண்டு காவிரிக் குழாய் வந்து, எல்லாரும் அதையே குடிக்கத் தொடங்கிவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று ஆண்டு கழித்து அதே பிள்ளைகளைப் பார்த்தால் அப்போதும் 40 பேருக்குக் கறை இருக்கும். அறிக்கையில் பிரிவலன்ஸ் குறையவில்லை என்று ஆங்கிலத்தில் ஒரு வரி வரும். அதைப் படித்தவர் குழாயால் பயனில்லை என்று திண்ணையில் சொல்லிவிடுவார். அந்த 40 பேரின் பற்களும் குழாய் வருவதற்கு முன்பே ஈறுக்குள் எழுதி முடிக்கப்பட்டவை. குழாயின் பயனைச் சொல்லக்கூடிய பிள்ளை, குழாய் வந்த ஆண்டில் பிறந்த பிள்ளைதான். அதன் பால்பல் விழுந்து நிலையான முன்பற்கள் முளைக்க ஆறிலிருந்து எட்டு ஆண்டுகள் ஆகும். இன்சிடென்ஸ் குறைந்துவிட்டதா என்று அறிய விரும்புகிறவர், அந்தக் குழந்தைக்குப் பல் விழும் நாளுக்காகத்தான் காத்திருக்க வேண்டும்.